கிரீக் யோகர்ட்டுக்கு அவ்வளவு காசு குடுக்கணுமா, நம்ம வீட்டுத் தயிர் போதாதா?

தங்கச்சி ஒருத்தி கேட்டது இது: "அண்ணாச்சி, பாளையங்கோட்டைல சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜ்ல சின்னச் சின்ன கப்புல கிரீக் யோகர்ட்னு அடுக்கி வச்சிருக்காங்க, ஜிம்முக்குப் போற என் தம்பி அதத்தான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான், எங்க மாமனாரு வீட்டுல தயிர் இருக்கும்போது இது எதுக்குன்னு கேக்காரு. அதுல அப்படி என்னதான் இருக்கு, நம்ம தயிர் அதுக்கு மட்டமா?"

ரெண்டு பேரு சொல்லுததுலயும் நியாயம் இருக்கும்மா. நான் ரொம்ப வருஷம் பால் பண்ணை லேப்ல ஃபேட்டும் எஸ்என்எஃப்பும், அதாவது கொழுப்பும் கொழுப்பு போக மிச்ச கெட்டிச் சத்தும், பாத்துக்கிட்டுக் கெடந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன், பொறுமையா படி.

கிரீக் யோகர்ட்னா வடிச்ச தயிர், அவ்வளவுதான். தயிர ஒரு துணியில கட்டித் தொங்க விட்டா தண்ணி சொட்டிச் சொட்டிக் கீழ போயிரும், மேல நிக்கிற கட்டியான சாமான்தான் அது. கிரீஸ்ல ஆட்டுப்பால்லயும் மாட்டுப்பால்லயும் பண்ணுதாங்க, துருக்கியில இருக்கு, லெபனான்ல இன்னும் நல்லா வடிச்சு உப்புப் போட்டு லப்னேன்னு ரொட்டியில தடவித் திங்காங்க, நம்ம நாட்டுலயே மகாராஷ்டிராலயும் குஜராத்துலயும் வடிச்ச தயிர்ல சர்க்கரையும் ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்டு ஸ்ரீகண்ட் பண்ணுதாங்க. நம்ம திருநெல்வேலிப் பக்கம் மட்டும் வடிக்கிற பழக்கமே வரல. அது ஏன்னா, நமக்குத் தயிர் சோத்துல ஊத்திப் பெசையணும், மிச்சத்தக் கடைஞ்சு வெண்ணெய் எடுக்கணும், அதுக்கப்புறம் தண்ணிய ஊத்தி மோராக்கி மத்தியான வெயில்ல வந்தவங்களுக்கெல்லாம் குடுக்கணும். சித்திரை வெயில்ல அம்பாசமுத்திரத்துல இருந்து திசையன்விளை வரைக்கும் எந்த வீட்டுத் திண்ணையில போய் உக்காந்தாலும் மொதல்ல கையில வாரது மோர் செம்புதான். நாம தயிர்ல தண்ணியச் சேத்துக்கிட்டே போனோம், அவங்க தண்ணிய எடுத்துக்கிட்டே போனாங்க, அவங்கவங்க சாப்பாடும் வெயிலும் கேட்டபடி ரெண்டும் சரி.

இப்போ கணக்குக்கு வா. ஒரு லிட்டர் பசும்பால்ல சுமாரா 32 கிராம் புரதம் இருக்கும். அத உறை ஊத்தினா ஒரு கிலோ தயிர், 100 கிராமுக்கு மூணு மூணரை கிராம் புரதம். அதையே ராத்திரி பூரா வடிய விட்டா 350ல இருந்து 400 கிராம்தான் மிஞ்சும், மிச்சமெல்லாம் தண்ணியாப் போயிரும், ஆனா புரதம் கிட்டத்தட்ட அப்படியே மேல தங்கிரும், அதனால 100 கிராமுக்கு எட்டு ஒம்பது கிராம்னு காட்டும், கொழுப்பெடுத்த பால்ல பண்ணினது பத்து வரைக்கும் போவும். கப்புல பெருசா அச்சடிச்சிருக்கிற அந்த நம்பர் வாரது இப்படித்தான். புதுசா ஒரு சத்தும் உள்ள வரல, தண்ணி வெளிய போயிருக்கு. விலை மூணு நாலு மடங்கு இருக்கிறதுல பெரிய பங்கும் இதுதான், ஒரு கிலோ பண்ண ரெண்டரை மூணு லிட்டர் பால் வேணும், அதுக்கு மேல கப்பு, ஃப்ரிட்ஜ் வண்டி, விளம்பரம் எல்லாம் இருக்கு.

அப்போ உன் தம்பிக்கு இதனால லாபமா இல்லையான்னா, வயித்துல எவ்வளவு இடம் இருக்குங்கிறதப் பொறுத்தது. ஐசிஎம்ஆர்ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ல சொன்ன கணக்குப்படி சாதாரண ஆளுக்கு ஒடம்பு எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 50 கிராம், எடை தூக்குறவங்க அதுக்கு மேல சாப்பிடப் பாப்பாங்க. அவன் அரை கிலோ தயிரு சாப்பிட்டாக் கெடைக்கிற புரதம் 200 கிராம் வடிச்ச தயிர்ல கெடைச்சிரும், சோறும் முட்டையும் பயறும் திங்கவும் வயித்துல எடம் இருக்கும். எனக்குக் கேட்டா தம்பிய விட உங்க மாமனாருக்குத்தான் இது தேவை. வயசானவங்க நாலு வாய் சாப்பிட்டாலே போதும் போதும்னு எந்திச்சிருவாங்க, பல்லும் சரியிருக்காது, கறி மீனு கடிக்க முடியாது, நாளுக்கு நாள் தசை கொறையும், அவங்களுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வடிச்ச தயிர்ல ஒரு டம்ளர் பாலோட புரதம் மெல்லாமலே உள்ள போயிருதுன்னா அது எவ்வளவு பெரிய உதவி! கிட்னி சரியில்லாம புரதத்தக் கொறைக்கச் சொன்னவங்க மட்டும் டாக்டர்ட்டக் கேட்டுக்கிடணும்.

தண்ணியோட என்னெல்லாம் போவுதுன்னு ஒரு கப்புலயும் எழுத மாட்டாங்க. தயிர் புளிக்கப் புளிக்கப் பால்ல புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருந்த சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு தண்ணிப் பக்கம் வந்துரும், வடிக்கும்போது அது தண்ணியோடயே போயிரும். அதனாலதான் புரதம் ரெண்டரை மடங்கு ஏறினாலும் கால்சியம் ஏறவே ஏறாது, 100 கிராமுக்கு சாதாரண தயிர்ல 120 மில்லிகிராம்னா கிரீக் யோகர்ட்ல 110 பக்கம் நிக்கும். பொட்டாசியமும் போவும், பி வைட்டமின் கொஞ்சம் போவும், வடிஞ்ச தண்ணி லேசா பச்சை மஞ்சளா இருக்கே, அந்த நிறமே ரிபோஃபிளேவின்னு சொல்லுற பி2 வைட்டமின்தான். கஞ்சி வடிச்ச சோறு மாதிரின்னு வச்சுக்கோ, சோறு உதிரி உதிரியா நல்லா இருக்கும், சத்து கொஞ்சம் கஞ்சியோட போயிருக்கும். எலும்புக்காகன்னு தயிர் சாப்பிடுற பொம்பளைங்களும் வளர்ற பிள்ளைங்களும் சாதாரண தயிரையே வயிறு நெறைய சாப்பிடுங்க, ஒரு கப் தயிரும் ரெண்டு டம்ளர் மோரும் குடுக்கிற கால்சியத்த ஒரு சின்ன கிரீக் கப்பு குடுக்காது. பால் சர்க்கரையும் இதே மாதிரி தண்ணியோட போயிருது, அதனால பால் குடிச்சா வயிறு உப்புது பொருமுதுன்னு சொல்லுறவங்க பல பேருக்கு வடிச்ச தயிர் ஒத்துக்கிடும்.

ருசிக்கு வாரேன், ஏன்னா சத்துக் கணக்குக்காக மட்டும் உலகம் பூரா ஜனங்க இத வாங்கல. நாக்குல வச்சா வழவழன்னு கனமா எறங்கும், வெண்ணெய் மாதிரி இருக்கேன்னு தோணும், கொழுப்பே இல்லாத கப்புலயும் அந்தக் கனம் இருக்கும், அதுக்குக் காரணம் நெருங்கி நிக்கிற புரதம். புளிப்பும் நம்ம ஊர்த் தயிர் மாதிரி சுள்ளுன்னு ஏறாது. நம்ம வீட்டுல கோடைக்கு அடுப்பங்கரையில உறை ஊத்தி வச்சா நாலு அஞ்சு மணி நேரத்துல தோஞ்சுரும், நாம தூங்கி எந்திக்கிற வரைக்கும் அது புளிச்சுக்கிட்டே இருக்கும். ஃபாக்டரியில 42, 43 டிகிரி சூட்டுல அதுக்குன்னே உள்ள ரெண்டு வகை பாக்டீரியாவ, லாக்டோபேசிலஸ் பல்கேரிகஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும், போட்டு, வேண்டிய புளிப்பு வந்த ஒடனே குளிர வச்சிருவாங்க, புளிப்பு அதோட நின்னுரும். நம்ம வீட்டு உறையில பல வகை கலந்து இருக்கும், வீட்டுக்கு வீடு வேற, சீசனுக்கு சீசன் வேற, அதனாலதான் பக்கத்து வீட்டுத் தயிருக்கும் நம்ம வீட்டுத் தயிருக்கும் ருசி மாறுது. அந்த மாற்றம் எனக்குப் புடிக்கும், ஆனா தெனமும் ஒரே ருசி வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு கப்புத் தயிர்தான் தோது.

இது எப்படி உலகம் பூரா பரவிச்சுங்கிறதையும் சொல்லிருதேன். ஏதென்ஸ்ல 1926ல ஒரு குடும்பம் பால் கடையா ஆரம்பிச்ச ஃபாயேங்கிற கம்பெனி 1998ல அமெரிக்காவுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஹம்தி உலுகாயான்னு துருக்கியில இருந்து போன ஒரு குர்து இனத்து ஆளு, ஆடு மேய்ச்சுப் பால் தயிர் வித்த குடும்பம், நியூயார்க் மாகாணத்துல மூடப்போன ஒரு பழைய யோகர்ட் ஆலைய 2005ல கடன் வாங்கி வாங்கினாரு, 2007ல சோபானின்னு பேரு வச்சு விக்க ஆரம்பிச்சாரு. அதுவரைக்கும் அமெரிக்கக் கடைகள்ல கெடச்சது பெரும்பாலும் சர்க்கரை தூக்கலா, நீர்க்க இருந்த யோகர்ட், வீட்டுல கட்டித் தயிரு தின்னு வளந்த அவருக்கு அது எறங்கவே இல்ல. சில வருஷத்துலயே அந்த நாட்டு யோகர்ட் வியாபாரமே மாறிப் போச்சு. நம்ம நாட்டுல 2015ல எபிகேமியாங்கிற பேர்ல கிரீக் யோகர்ட் வந்துச்சு, அதுக்கப்புறம் மத்த கம்பெனிங்களும் எறங்குனாங்க, இப்போ நம்ம வண்ணார்பேட்டை வரைக்கும் வந்து நிக்கி.

ஒவ்வொரு கிலோ கிரீக் யோகர்ட்டுக்கும் ரெண்டு கிலோ போல புளிச்ச தண்ணி மிஞ்சுது, சீஸ் பண்ணும்போது வார தண்ணிய ஈசியா பவுடராக்கி வித்துரலாம், இத அப்படிக் காய வைக்க முடியாது, பிசுபிசுன்னு ஒட்டும். ஆத்துல விட்டா அதுல உள்ள சர்க்கரையத் தின்ன கிருமிங்க பெருகி தண்ணியில உள்ள ஆக்சிஜனையெல்லாம் உறிஞ்சிரும், மீன் செத்து மெதக்கும். அதனால நியூயார்க் பக்கம் மாட்டுத் தீவனத்துலயும் வயல்லயும் கேஸ் எடுக்கிற டாங்க்லயும் கொண்டு போய்க் கொட்டுதாங்க. தாமிரபரணிக் கரையில இருக்கிற நமக்கு இது மனசுல படணும்.

எருமைத் தயிரப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. நம்ம பக்கத்துல முன்னாடி தயிர்க்காரம்மாங்க பானையத் தலையில வச்சு கிராமத்துல இருந்து டவுனுக்கு வந்து உழக்கால அளந்து ஊத்துவாங்க, அதுல எருமைத் தயிர்னா கரண்டியால வெட்டித்தான் போடணும். எருமைப் பால்ல புரதம் நாலு நாலரை சதவீதம், கொழுப்பு ஆறுல இருந்து எட்டு, அதனால வடிக்காமலே பாதி தூரம் போயிரும். மண்சட்டியில தோய வச்சா சட்டியே கொஞ்சம் தண்ணிய உறிஞ்சிக்கிடும், வெளிய ஈரம் காயும்போது உள்ள குளுந்துக்கிடும், புளிப்பும் மெதுவாத்தான் ஏறும். இலங்கையில இன்னைக்கும் எருமைத் தயிரச் சட்டியிலயே விக்காங்க, கித்துள் பாணின்னு சொல்லுற கூந்தப்பனைப் பாகு ஊத்தித் திங்காங்க. உனக்கு நல்ல எருமைப் பால் ஊத்துற ஆளு யாராவது இருந்தா ருசிக்காக நீ கிரீக் கப்ப வாங்க வேண்டியதே இல்லம்மா, இத நான் அடிச்சுச் சொல்லுவேன். ஒரு உழக்கு எருமைத் தயிர்ல உடன்குடிக் கருப்பட்டியத் துருவிப் போட்டுத் தின்னு பாரு.

ஆனா கட்டியா இருந்தா புரதம்னு நெனைச்சிராத, நெறைய பேரு ஏமாறுறது இங்கதான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டுல கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டுல 3, ஆனா புரதத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது. ஆரஞ்சு பாக்கெட் பால்ல தோய வச்சு வடிச்சீன்னா கொழுப்பும் சேந்து நெருங்கி 15 சதவீதத்தத் தாண்டிரும், ருசி பிரமாதமா இருக்கும், ஆனா ஜிம்முக்குப் போற தம்பி கேட்டது அது கெடையாது. அவனுக்கு நீல பாக்கெட் போதும், இல்லன்னா பசும்பாலக் காய்ச்சி ஆற வச்சு ஆடைய எடுத்துட்டுத் தோய வை.

வீட்டுல பண்ணுறதுல கஷ்டமே இல்ல, நம்ம வெயிலுக்குத் தக்கன ரெண்டு மூணு விஷயம் மட்டும் கவனிக்கணும். பாலப் பொங்கினதும் எறக்கிராம சிம்முல பத்து நிமிஷம் வச்சுக் கிண்டிக்கிட்டே இரு. அந்தச் சூட்டுல பால்ல தண்ணிப் பக்கம் இருக்கிற புரதம் விரிஞ்சு மத்த புரதத்தோட ஒட்டிக்கிடும், தயிர் கெட்டியா நிக்கும், வடிக்கும்போது புரதம் வீணாப் போவாது. வெரல் விட்டா சூடு பொறுக்கிற பதத்துல உறை ஊத்து, ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போதும், கப்புல வார அந்த மெதுவான ருசிதான் வேணும்னா சர்க்கரை போடாத பிளெயின் கிரீக் யோகர்ட்ட ஒரு தடவை வாங்கி அதுல ரெண்டு ஸ்பூன் ஊத்தி ஹாட் பாக்ஸ்ல வச்சு மூடிரு, அந்த வகை பாக்டீரியாவுக்குச் சூடு நிக்கணும். தோஞ்ச ஒடனே வடிக்காத, மூணு நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு இறுகினதுக்கு அப்புறம் வடி. பழைய வேட்டித் துணிய, சோப்பு வாடை இல்லாம கொதிக்கிற தண்ணியில அலசி, சல்லடையில விரிச்சு, கீழ ஒரு பாத்திரம் வச்சு, தயிர ஊத்தி மூடி அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிரு. மும்பைக்காரங்க யூடியூப்ல காட்டுற மாதிரி குழாயில கட்டித் தொங்க விட்டா நம்ம ஊர் மே மாசத்துல விடியறதுக்குள்ள அது ஊறுகாயா புளிச்சுரும். நாலு மணி நேரத்துல ஸ்பூனால எடுத்துத் திங்கிற பதம், எட்டு மணி நேரத்துல ரொட்டியில தடவுற பதம். துணியப் புழியாத, புழிஞ்சா வெள்ளையா கலங்கி வரும், அது தயிரே பிதுங்கி வெளிய வாரது. நாலஞ்சு நாள் ஃப்ரிட்ஜ்ல நல்லா இருக்கும், ஈரக் கரண்டி போடாம இருந்தா.

வடிஞ்ச தண்ணியத் தயவுசெய்து சிங்க்ல ஊத்தாதம்மா. மேல சொன்னேனே கால்சியம், பி2, அதெல்லாம் அதுலதான் கெடக்கு. உப்பு, தட்டின இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டா வெயிலுக்குக் குடிக்க அருமையா இருக்கும், சப்பாத்தி மாவு அதுலயே பெசையலாம், மெத்துன்னு வரும், ரசம் எறக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊத்தலாம். மிஞ்சினா தண்ணி கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்து, ஆச்சிமாரு புளிச்ச மோர ஊத்துனது மாதிரியேதான்.

சமையல்ல எது எங்க போவும்? தயிர் சோத்துக்கு கிரீக் யோகர்ட் ஆவவே ஆவாது, சோறு அப்பிக் கட்டியா நிக்கும், பாலும் தயிரும் கலந்து கொழைய விட்டாத்தான் அது தயிர் சோறு. மோர்க்குழம்புக்கும் அப்படித்தான், அதுக்குப் புளிச்ச தயிர்தான் உசுரு, அரைச்சு ஊத்துற தேங்காயும் அரிசியும்தான் அது திரியாம காக்கும். பழைய சோத்துக்கு மோர் மிளகாயும் மோரும், அதுல நான் எதையும் மாத்த விட மாட்டேன். ஆனா வெங்காயப் பச்சடி பண்ணும்போது உப்பு பட்டா வெங்காயம் தண்ணி விட்டுப் பச்சடி ஓடும் பாரு, மேலப்பாளையத்து பிரியாணிக்குத் தொட்டுக்க அது நல்லாவா இருக்கும், அங்க பாதி வடிச்ச தயிர் போட்டா கடைசி வரைக்கும் நிக்கும். சிக்கன் ஊற வைக்க வடிச்ச தயிர்னா மசாலா கறியில பிடிச்சு நிக்கும், வறுக்கும்போது தண்ணி விடாது. வெள்ளரிப் பிஞ்சத் துருவிப் புழிஞ்சு, பூண்டு, நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு, மிளகுத்தூள் போட்டு வடிச்ச தயிர்ல கலந்து சப்பாத்திக்கு வை, கிரீஸ்ல ஆலிவ் எண்ணெய் ஊத்தி இதே மாதிரிதான் பண்ணுதாங்க, மயோனைஸ் கேக்குற பிள்ளைங்க அத மறந்துரும்.

கடையில வாங்கியே ஆவணும்னா கப்ப முன்னாடி பாக்காத, திருப்பிப் பாரு. சேர்மானத்துல பாலும் கல்ச்சரும், அதாவது உறை பாக்டீரியாவும், மட்டும் இருந்தா நிம்மதியா வாங்கு. பால் புரதம், பால் பவுடர்னு இருந்தா வடிக்காம புரதத்தச் சேத்துக் கட்டியாக்கியிருக்காங்கன்னு அர்த்தம், புரதக் கணக்குக்கு அது ஒண்ணும் மோசமில்ல, ருசி மட்டும் கொஞ்சம் மாவு மாதிரி படும். ஸ்டார்ச், ஜெலட்டின், பெக்டின்னு கட்டியாக்கப் போடுற சாமானெல்லாம் மொத வரிசையிலயே வந்து புரதம் நாலு அஞ்சு கிராம்னு இருந்தா கீழ வச்சிரு, அதுக்கு நம்ம பாக்கெட் தயிரே போதும். மாம்பழம், ஸ்ட்ராபெரி, புளூபெரின்னு வாரதுல பல கப்புல சேத்த சர்க்கரையே ரெண்டு ஸ்பூனத் தாண்டும், சுகர் இருக்கிற வீட்டுல சத்துன்னு நெனச்சு வயசானவங்களுக்குக் குடுக்குறது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு, பிளெயின் வாங்கி நாமளே பழத்த நறுக்கிப் போட்டா என்ன? சேத்த சர்க்கரை எவ்வளவுன்னு தனி வரியில போட்டிருப்பாங்க, அதையும், 100 கிராமுக்குப் புரதம் எட்டாவது இருக்கான்னும் பாத்துட்டு அப்புறம் கூடையில போடு.